மனாராவின் ஒளியும் மதிலின் ஒளியும்

மனாரா என்னும் அரபுச் சொல்லுக்கு ‘ஒளியிடம்’ என்பது நேர்ப்பொருள். நூர், நார் என்னும் சொற்கள் கிளைத்த வேரிலேயே இதுவும் கிளைத்தது. தொழுகைக்கு அழைக்கும் கோபுரத்தை நாம் இப்பெயரால் அறிவோம். கடலோடிகளுக்கு வழிகாட்டிய விளக்குக் கோபுரத்துக்கும் அரபியர் இவ்வேரிலிருந்து பிறந்த பெயரையே வழங்கினர். அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தை இப்னு பதூதா 1326-இல் கண்டபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349-இல் மீண்டும் சென்றபோது உள்ளே நுழையவும் இயலாத நிலையில் கிடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நம் மஅபர் கரைக்கும் வந்து சென்றவர்.

சென்னைக்கும் இத்தகைய ஒளியிடங்கள் உண்டு. 1796-இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு அடையாளம் காட்டினர். 1844-இல் கோட்டைக்கு வடக்கே 125 அடி உயரத்தில் ஒற்றைக் கல்தூண் எழுந்தது. உயர்நீதிமன்ற வளாகத்தில் அது இன்றும் நிற்கிறது. 1892-இல் அதனருகே செங்கல்லும் குவிமாடமுமாய் உயர்நீதிமன்றம் திறக்கப்பட்டபோது, அதன் குவிமாடங்களுள் உயர்ந்தது தூணையும் விஞ்சி நின்றது. 1894 முதல் விளக்கு அங்கே குடியேறிற்று. 1977-இல் மெரினாவில் இன்றைய கலங்கரை விளக்கம் வரும்வரை, வழக்குரைக்கும் மன்றமே கடலுக்கும் விளக்காய் இருந்தது. மனாரா என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான கட்டடம் இந்நகரில் வேறில்லை என்பது நம் கருத்து.

1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியபோது, போர் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதமாகியும் நகரம் அமைதிக்காலம் போலவே விளக்கெரித்துக் கொண்டிருந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. குண்டொன்று உயர்நீதிமன்ற மதிலையும் தாக்கிற்று. அதை நினைவூட்டும் கல்வெட்டு இன்றும் அங்குள்ளது. ஒளி நண்பனென்றும் பகைவனென்றும் பார்ப்பதில்லை!

அந்நாளில் கட்டடம் ஊருக்கு ஒளி தந்தது. இந்நாளிலோ ஊர் கட்டடத்தின் மேல் ஒளி பாய்ச்ச விரும்புகிறது. மறைமலை நகரிலிருந்து மின்ரயிலேறிக் கடற்கரை நிலையம் வரை செல்வோர் வழியிலேயே இதனைக் காணலாம். பூங்கா நிலையத்தின் அருகே 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை சிறப்பு நாட்களில் பலநிற ஒளியில் நிற்கிறது. வெண்சுவர் எந்நிறத்தையும் ஏற்கும். ஆண்டுக்குச் சில நாள் அது மூவண்ணம் பூணுவதில் குறையொன்றும் இல்லை. அதே விளக்குகளை உயர்நீதிமன்றத்தின் செம்மதில் மேல் பாய்ச்சினால் நீலமும் பச்சையும் செங்கல்லை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். செங்கல்லுக்கு உரியது பழைய எண்ணெய் விளக்கை ஒத்த இளமஞ்சள் ஒளியே. விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். 2700 முதல் 3000 வரை உள்ளதே செங்கல்லின் நிறத்தை எடுத்துக் காட்டும். 5000, 6000 என்று எண் ஏற ஏற ஒளி நீலவெண்மையாகும். கடைக்காரர் அதைப் ‘பளிச்’சென்றிருக்கிறது என்பார். அது துணிக்கடைக்குப் பொருந்தும்.

நம் பகுதியில் பள்ளிவாசல் மனாராவுக்கு விளக்கமைப்பது பற்றி ஜமாஅத் பெரியவர்கள் கூடிப் பேசுகையில், எத்தனை வாட் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். எதில் மாட்டுவது என்று எவரும் கேட்பதில்லை. கட்டடத்தின் ஆயுள் அக்கேள்வியில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் அடித்த இரும்பாணி கடற்காற்றில் துருப்பிடிக்கும். துருவேறிய இரும்பு பருத்துச் சுற்றிலுமுள்ள காரையைப் பிளக்கும். பிளவில் மழைநீர் இறங்கும். ஒரு கந்தூரிக்கோ ஒரு ரமலானுக்கோ அடித்த ஆணி ஐம்பதாண்டுக் காலம் சுவரைத் தின்னும். திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லாலேயே கட்டப்பட்டது. இரும்பைத் தவிர்த்துக் கட்டியோரின் வேலையில் நாம் இரும்பைக் கொண்டு துளையிடுவது எங்ஙனம் தகும்?

ஆதலின் முதல் விதி, விளக்குகள் இயன்றவரை தரையிலோ அருகிலுள்ள கம்பத்திலோ நிற்கவேண்டும் என்பது. சுவரில் பொருத்தியே ஆகவேண்டுமெனில், கல்லையோ செங்கல்லையோ துளைக்காமல் இடையிலுள்ள காரை இணைப்பில் துருப்பிடியா எஃகு கொண்டு பொருத்துக. காரையைப் பின்னர் புதுப்பிக்கலாம், உடைந்த கல்லைப் புதுப்பிக்க இயலாது. கடலோரத்துக்கு நீரும் தூசியும் புகாத விளக்குகளே ஏற்றவை. மின்கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்துவதில் கஞ்சத்தனம் கூடாது. ஆர்க்காட்டு நவாப் 1768-இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகால் 2012 ஜனவரியில் எரிந்தபோது தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிர் துறந்தார். பழங்கட்டடத்தில் தீ என்பது எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

விளக்கின் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். மஸ்ஜிதில் முதன்முதல் விளக்கேற்றியவர் தமீமுத்தாரி (ரலி) அவர்கள் என்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அன்று விளக்கு தேவைக்கானது. மம்லூக் சுல்தான்களின் காலத்தில் கெய்ரோவின் பள்ளிவாசல்களில் தொங்கிய வண்ணக் கண்ணாடி விளக்குகளின் கழுத்தில் நூர் அத்தியாயத்தின் ஒளி வசனம் பொறிக்கப்பட்டது. அங்கே தேவையோடு அழகும் கூடிற்று. ஆனால், இரவு முழுதும் மனாராவின் புறத்தில் எரியும் ஆயிரம் குமிழ்கள் எவருடைய தேவைக்கு? சென்னையில் ஆயிரம் விளக்கு என்று ஒரு பகுதியே உண்டு. முஹர்ரம் நாட்களில் கூடுவதற்கென எழுந்த மண்டபத்தில் ஆயிரம் எண்ணெய் விளக்கேற்றியதால் அப்பெயர் வந்தது என்பர். அவ்விளக்குகள் மண்டபத்தின் உள்ளே, கூடியிருந்தோரின் முகத்தருகே எரிந்தவை என்பதை மறக்கலாகாது.

நாகூரில் தஞ்சை மன்னர் பிரதாப்சிங் எழுப்பிய 131 அடிப் பெரிய மனாரா கந்தூரி இரவுகளில் ஒளிர்வதைக் காண எல்லாச் சமயத்தவரும் திரள்கின்றனர். அந்நாட்களின் ஒளி அந்நாட்களுக்கு உரியது. ஆண்டு முழுதும் எரியுமாயின் அதைக் காண யார் வருவர்? எஞ்சிய இரவுகளில் மனாராவின் தலைப்பகுதிக்கு மட்டும் மெல்லொளி போதும். அவ்வொளி வானத்துக்குத் தப்பாமலும் எதிர்வீட்டுச் சாளரத்துள் புகாமலும் விளக்குக்கு மறைப்பு இட வேண்டும். இஷாவுக்குப் பின் மணி பத்தானதும் தானே அணையும்படி அமைத்தால் உறங்குவோர்க்கும், மாடங்களில் அடையும் பறவைகளுக்கும் தொல்லையில்லை.

ஒப்பந்தம் எழுதுவதற்குமுன் ஒரு வாரம் இரண்டு மூன்று வகை விளக்குகளை இரவல் வாங்கித் தரையில் வைத்துப் பார்ப்பது நன்று. ஒருநாள் பெரியவர்கள் பார்க்கட்டும். மறுநாள் எதிர்வீட்டாரை அழைத்து அவர்கள் திண்ணையில் அமர்ந்து பார்க்கட்டும். பகலிலும் ஒருமுறை காண வேண்டும். விளக்கு எரியாத பகலில் அதன் இரும்புக்கூடு மனாராவின் மேல் எப்படித் தோன்றுகிறதென்பதை விலைப்பட்டியல் சொல்வதில்லை.