மேற்கோளும் மதிப்பும்: குருதிக்கலன் ஆய்வு வரலாறு குறித்து ஒரு நோக்கு

தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் கருத்தை எடுத்தாளுமிடத்து ‘என்ப’ என்றும் ‘மொழிப’ என்றும் கூறி அமைவர். கூறியவர் இன்னார் எனப் பெயர் சுட்டுவதில்லை. ஆயினும், பிறரிடமிருந்து பெற்றதைப் பெற்றதாகவே ஒப்புக்கொள்ளும் நேர்மை அச்சொற்களில் உண்டு. தற்கால விஞ்ஞானம் இந்நேர்மையை ஒரு விதியாகவே ஆக்கிக்கொண்டது. ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் நிற்கும் மேற்கோட் பட்டியல் அவ்விதியின் வெளிப்பாடாகும். கடனை ஒப்புக்கொள்ளும் இம்முறை, காலப்போக்கில் ஆய்வாளனின் தகுதியை எண்ணால் அளக்கும் கோலாகவும் மாறியது. அக்கோல் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பவற்றைக் குருதிக்கலன் ஆய்வின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1955ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் யூஜின் கார்பீல்ட், ஒரு கட்டுரையைப் பின்வந்த எக்கட்டுரைகள் மேற்கோளாகக் கொண்டுள்ளன எனக் காட்டும் சுட்டி ஒன்றை அமைக்கலாம் என எழுதினார். அக்கருத்து 1964இல் விஞ்ஞான மேற்கோட் சுட்டியாக அச்சில் வெளிவந்தது. தொடர்புடைய ஆய்வுகளைத் தேடிக் கண்டடைவதற்கு உதவுவதே அதன் முதல் நோக்கம். ஆனால் எண்ணிக்கை கைக்கு எட்டியபின், மனிதர் அதனை ஒப்பிடாமல் விடுவரோ? சஞ்சிகைகளும் ஆய்வாளரும் தரவரிசை பெற்றனர். 2005இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் ஓர் ஆய்வாளனின் வாழ்நாட் பணியையே ஓர் எண்ணில் அடக்கும் முறையை வகுத்தார்.

இனிக் குருதிக்கலன் ஆய்வுக்கு வருவோம். 1628இல் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய பின்னரும், குருதிக்கலனின் உட்சுவரை மூடி நிற்கும் அகவணி என்னும் மெல்லிய படையை வெறும் உறையெனவே பலரும் நெடுங்காலம் கருதினர். நியூயோர்க்கில் பணியாற்றிய றொபேட் பேர்ச்கொட், முயலின் பெருநாடியிலிருந்து அறுத்த துண்டுகளில் அசற்றைல்கோலீன் என்னும் பதார்த்தத்தைச் செலுத்தி, அவை சுருங்குவதையே பல்லாண்டுகள் கண்டு வந்தார். 1978இல் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் வழக்கமான ஒழுங்கை மாற்றிச் செய்த பரிசோதனையொன்றில் நாடித் துண்டு தளர்ந்தது. பிழையென ஒதுக்காது காரணத்தைத் தேடிய பேர்ச்கொட், முன்னைய துண்டுகளில் அகவணி உரசி அழிந்திருந்தது என்பதையும், அது சிதையாதிருந்தாலன்றித் தளர்ச்சி நிகழாது என்பதையும் உணர்ந்தார். 1980இல் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து ‘நேச்சர்’ சஞ்சிகையில் இதனை வெளியிட்டார். அகவணியிலிருந்து வெளிவந்து தசையைத் தளர்த்தும் அக்காரணி யாதென அறிவதற்குப் பல ஆய்வுகூடங்கள் முயன்றன.

1987இல் பிரித்தானியாவின் வெல்கம் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பாமர், பெரிஜ், மொன்காடா ஆகிய மூவரும் அகவணிக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றன என நிறுவினர். அதே ஆண்டில் இக்னாறோ குழுவினரும் அம்முடிபையே வெளியிட்டனர். 1998ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பேர்ச்கொட், இக்னாறோ, மியூராட் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. கொண்டுராசு நாட்டில் பிறந்தவரும், உயிர்மருத்துவத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டோருள் ஒருவருமான சல்வடோர் மொன்காடா அதில் இடம்பெறவில்லை. பலரும் அதனை அநீதி எனக் கண்டித்தனர். மேற்கோட் கணக்கு ஒன்றைச் சொல்ல, பரிசுக்குழு வேறொன்றைச் சொல்லிற்று.

இவற்றுள் எது சரியென வினவுவதற்கு முன், கணக்கின் இயல்பையும் அறிதல் வேண்டும். அச்சில் வந்த சுட்டியில், மேற்கோளாகக் காட்டப்பெற்ற கட்டுரை அதன் முதலாசிரியர் பெயரின் கீழேயே இடம்பெற்றது. ஆகவே, 1987ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்களைத் தேடுவோர் மொன்காடா என்னும் பெயரின்கீழ்த் தேடிப் பயனில்லை. பாமர் என்னும் பெயரின்கீழ்த் தேடல் வேண்டும். கணினி வந்தபின் இக்குறை நீங்கியது. மற்றொரு குறையோ நீங்கவில்லை. விஞ்ஞான உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தின் அளவைக் கணிக்கும் முறையொன்றைக் கூறி 1951இல் லவுறி குழுவினர் வெளியிட்டதாகும். அதற்குக் கிடைத்த மேற்கோள்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அது பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. ஆயின் இயற்கையைப் பற்றிய மாபெரும் உண்மை எதையும் அது புலப்படுத்தவில்லை. மேற்கோள் பயன்பாட்டை அளக்கும். ஆழத்தை அளக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இனி நம் நாட்டை நோக்குவோம். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1991இல் ராகமையில் நிறுவப்பட்டது. அப்பீடத்தின் மருந்தியற் பேராசிரியர் அசித்த டி சில்வா பங்குகொண்ட உயர் குருதியமுக்க ஆய்வொன்று, 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்தது. குருதிக்கலனைத் தளர்த்தும் மருந்துகள் இரண்டும், உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்தொன்றும் குறைந்த அளவிற் சேர்ந்த ஒரே குளிகையை, இலங்கையின் 700 நோயாளர் பங்குகொண்ட ஆய்வில் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டனர். ஆறு மாதத்தின் முடிவில், குளிகை பெற்றோருள் 70 வீதத்தினரும் ஏனையோருள் 55 வீதத்தினரும் இலக்கை எட்டினர். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் டி சில்வாவின் பெயர் மூன்றாவதாக நிற்கிறது. பழைய அச்சுச் சுட்டியாயின் அப்பெயரின்கீழ் அக்கட்டுரை தோன்றியிராது. அவ்வாய்வின் பயன், மாதந்தோறும் மருத்துவமனை வரிசையில் நின்று பல குளிகைகளைப் பெற்றுச் செல்லும் நோயாளனைச் சாருவது. அவன் எக்கட்டுரையையும் மேற்கோள் காட்டப்போவதில்லை.

இதனினும் ஆழமான மௌனம் ஒன்று நம் மொழியைச் சூழ்ந்துள்ளது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். ‘அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டார். இரண வைத்தியம் முதலிய துறைகளிலும் நூல்கள் தொடர்ந்தன. நாடியும் நாளமும் இதயமும் தொழிற்படும் முறையைத் தமிழ் மாணவர் தம் மொழியிற் கற்றனர். சொல்லாக்கத்தில் அவர் பட்ட உழைப்பின் பயனைப் பின்வந்த கலைச்சொல்லாளர் பலர் துய்த்தனர். ஆயின் மேற்கோட் சுட்டிகளில் இப்பணியைத் தேடுவோர்க்கு எண் எதுவும் கிட்டாது. சுட்டி பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளையே வாசிக்கிறது. அது வாசியாத மொழியில் நிகழ்ந்த அறிவுப்பணி அதன் கணக்கில் நிகழாததாகவே நிற்கிறது.

இதனால் மேற்கோட் கணக்கு வீணென்பது பெறப்படாது. கொண்டுராசில் பிறந்தவரின் பங்கைப் பரிசுக்குழு விடுத்தபோதும், உலக ஆய்வாளரின் மேற்கோள்கள் அதனை மறக்கவிடவில்லை. செல்வாக்கோ தேசமோ பாராது சான்று கூறும் வன்மை அக்கணக்கிற்கு உண்டு. ஆனால் சான்று வேறு, தீர்ப்பு வேறு. பதவியுயர்வும் ஆய்வு நிதியும் எண்ணொன்றையே நம்பி நிற்குமாயின், இளம் விரிவுரையாளர் எவரும் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு பாடநூல் எழுத முன்வரார். கிராமத்து நோயாளனுக்கு மட்டும் பயன்படும் ஆய்வைத் தொடார்.

முன்னோர் ‘என்ப’ என்றபோது பெறுபேற்றை எண்ணிக் கூறவில்லை; தாம் பெற்ற கடனை நினைந்தே கூறினர். மேற்கோளின் முதற் பொருள் அதுவே. ஓர் ஆய்வாளனை மதிக்க விரும்புவோர் அவனுக்குரிய எண்ணை அறிந்துகொள்ளட்டும். அதன்பின் அவன் எழுதிய கட்டுரையையும் எடுத்து வாசிக்கட்டும்.