மண்வெட்டி பிடிக்கும் உடற்பயிற்சிக் கூடம்!

1959-ல் இங்கிலாந்தின் பாக்ஸ் ஹில் குன்றில் 42 தன்னார்வலர்கள் கூடினார்கள். புதர்களை வெட்டி, சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கச் செய்வதே வேலை. உடற்பயிற்சி என்ற எண்ணமே அப்போது இல்லை! அந்தக் குழுதான் பின்னாளில் பி.டி.சி.வி. என்ற அமைப்பானது.

1990-களின் பிற்பகுதியில், சோனிங் காமன் கிராமத்து மருத்துவர் வில்லியம் பேர்ட் அந்த அமைப்போடு சேர்ந்து 'கிரீன் ஜிம்' தொடங்கினார். முதலில் வார்ம் அப், பிறகு குழி தோண்டுதல், கன்று நடுதல், புதர் வெட்டுதல், நடுவே தேநீர், முடிவில் உடலைத் தளர்த்தும் பயிற்சி.

தனியாக ஓடுபவர் சலித்துப்போய் நிறுத்திவிடலாம். நட்ட கன்றும் கூட உழைத்தவர்களும் காத்திருக்கும்போது மறுவாரம் போகாமல் இருக்க முடியுமா? மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அதுதான்!