கடைமடைக்கு லினக்ஸ் வந்த கதை

தமிழ்நாட்டில் லினக்ஸ் வரலாறு என்று பேச்சு எடுத்தால் எல்லோரும் சென்னையில்தான் ஆரம்பிப்பார்கள். லினக்ஸ் பயனர் குழு, அண்ணா பல்கலைக்கழகம், தரமணி கம்பெனிகள் என்று போகும். அது தப்பில்லை. ஆனால் நம் அரசாங்கம் எப்படி லினக்ஸ் பக்கம் திரும்பியது என்று தேடிக்கொண்டு போனால், பாதை டெல்டாவுக்குள் நுழைந்து திருவாரூரில் வந்து நிற்கிறது. அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்ச நாளாக எடுத்து வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன்.

முதலில் பின்னணி. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997 ஜனவரியில் திருவாரூர் தனி மாவட்டம் ஆனது. புது மாவட்டம், புது கலெக்டர் ஆபீஸ். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் பழைய பதிவேடுகள். டெல்டாவில் பதிவேடு என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கணுமா, வெள்ளத்தில் சம்பா மூழ்கி நிவாரணம் கேட்கணுமா, கொள்முதல் நிலையத்தில் நெல் போடணுமா, எதற்கும் சிட்டா, அடங்கல் வேண்டும். நெல் எந்தப் பக்கம் போனாலும் கூடவே அந்தக் காகிதமும் போகும்.

இந்தக் கணக்கை யார் கையில் வைத்திருப்பது என்பது இங்கே பழைய சண்டை. பரம்பரைக் கர்ணம் இருந்த காலத்தில் ஊர் நிலத்தின் கணக்கு முழுக்க அவர் கையில். அவர் எழுதியதை அவர்தான் படித்துச் சொல்லணும். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. பிறகு வி.ஏ.ஓ. வந்தார். கணக்கு ஒரு குடும்பத்தின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

1999 முதல் 2001 வரையான காலத்தில் திருவாரூரில் கலெக்டராக இருந்தவர் சி. உமாசங்கர். தாலுகா அலுவலகங்களில் நில ஆவணம், சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம் போன்ற வேலைகளைக் கணினிக்குக் கொண்டுவந்தார். மின்னாளுகையில் முன்னோடி மாவட்டம் என்று திருவாரூருக்குப் பெயர் கிடைத்தது. இன்றைக்கு செல்போனில் பட்டா பார்க்கிற தலைமுறைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். மோடம் கிர்ரென்று சத்தம் போட்டு இணைப்பு கிடைத்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கணக்கு கணினிக்குள் போனதும் பழைய கேள்வி புது வேஷத்தில் வருகிறது. கணக்கு அரசாங்கத்துடையது, சரி. அதைத் திறந்து காட்டுகிற மென்பொருள் யாருடையது? அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நமக்கு உரிமை உண்டா? இன்னும் பத்து கணினியில் போடணும் என்றால் யாரிடம் கேட்கணும்?

இதே கேள்வியைத்தான் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-லேயே கேட்டு, குனு திட்டத்தை அறிவித்தார். மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், நகல் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம் என்பதை உரிமமாகவே எழுதி வைத்தார். 1991-ல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கெர்னல் எழுதினார். இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் சுருக்கமாக லினக்ஸ் என்கிறோம்.

உமாசங்கர் பிறகு எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் ஆனார். எல்காட் 1977-ல் தொடங்கிய அரசு நிறுவனம். தமிழக அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கித் தருகிற வாசல் அதுதான். அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர் லினக்ஸ் என்று சொன்னால் அதன் வீச்சே வேறு. 2007-ல் எல்காட் தன் சொந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கான திட்டமாக அப்போது செய்திகளில் வந்த எண்ணிக்கை 30,000 டெஸ்க்டாப்கள், 1,880 சர்வர்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு சர்வருக்குப் பதினாறு கணினி. ஒரு பள்ளி ஆய்வகத்தின் அளவு அது. லைசென்ஸ் செலவு கிடையாது, பென் டிரைவில் வருகிற வைரஸ் தொல்லை கிடையாது, திரையில் தமிழும் உண்டு. பெரிய நிறுவனங்களே தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த எண்ணிக்கை உலகச் செய்தியாகப் போனதில் ஆச்சரியம் இல்லை.

அதே 2007-ல்தான் பாஸ் லினக்ஸும் வெளிவந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. டெபியன் என்ற உலகளாவிய தன்னார்வத் தொகுப்பை எடுத்து, இந்திய மொழிகளைச் சேர்த்து, நம் தேவைக்கு ஏற்ப மாற்றியது.

இந்த இடத்தில் ஒரு கலைச்சொல்லைக் கவனிக்கணும். திறமூல உலகில் ஒரு நிரல் எங்கிருந்து வருகிறதோ அதை அப்ஸ்ட்ரீம் என்பார்கள். அதை எடுத்துப் பயன்படுத்துகிற இடம் டவுன்ஸ்ட்ரீம். டெல்டாக்காரனுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லவே வேண்டாம். தலைமடை, கடைமடை. பாஸுக்குத் தலைமடை டெபியன். டெபியனுக்குத் தலைமடை கெர்னலும் குனுவும் இன்னும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் திட்டங்களும். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற மாதிரி, ஒரே மூலத்திலிருந்து கிளை கிளையாகப் போகும். ஒரே ஒரு வித்தியாசம்தான். காவிரித் தண்ணீர் மேலே ஏறாது. நிரலில் கடைமடைக்காரன் செய்த திருத்தம் தலைமடைக்குத் திரும்பிப் போகும், போகணும்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? 2008-ல் உமாசங்கர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் விண்டோஸும் இருந்தது, லினக்ஸும் இருந்தது. பின்னாளில் வந்தவற்றில் அந்த இடத்தில் பாஸ் இருந்தது. லட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்குள் லினக்ஸ் நுழைந்தது அப்படித்தான். ஆனால் எங்கள் உறவில் அந்த லேப்டாப் வாங்கிய நாலைந்து பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தேன். "அது என்னமோ ரெண்டாவதா வரும் மாமா, அதைத் தொடவே மாட்டோம்" என்றார்கள். ஒருத்தன் இடம் பத்தவில்லை என்று அழித்தே விட்டான். பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் எல்லோர் பதிலும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளி ஆய்வகத்தில் நானே பார்த்தது இது. லினக்ஸ் போட்ட கணினிகள் வரிசையாக இருந்தன. ரூட் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. நிறுவிக் கொடுத்தவர் எழுதி வைக்காமல் போய்விட்டார். அடுத்து வந்த ஆசிரியருக்கு ஒரு பிரிண்டர்கூடச் சேர்க்க முடியவில்லை. உரிமத்தின்படி அந்தக் கணினியில் எதையும் மாற்ற முழுச் சுதந்திரம் உண்டு. நடைமுறையில் பூட்டு. கர்ணம் வீட்டுப் பரணுக்கும் அந்த ஆய்வகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் டெல்டாவின் இன்னொரு பழைய வார்த்தை உதவுகிறது: குடிமராமத்து. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கிறது என்றால் அதற்கு முன்னால், ஆறு வறண்டு கிடக்கிற கோடையில் வாய்க்கால் தூர்வாரி இருக்கணும். பெரிய ஆறும் அணையும் அரசாங்கத்தின் பொறுப்பு. ஊர் வாய்க்கால் ஊராரின் பொறுப்பு, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரணும். இந்த வழக்கம் தளர்வதைப் பார்த்த பிரிட்டிஷ் அரசு 1858-ல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. வழக்கத்தைச் சட்டமாக எழுதி வைத்தும் அது பழையபடி நிமிரவில்லை. மேலிருந்து வருகிற உத்தரவால் மதகைத் திறக்கலாம், வாய்க்காலைத் தூர்வாரும் பழக்கத்தை உண்டாக்க முடியாது.

2007 லினக்ஸ் அலையைப் பற்றி என் முடிவும் இதுதான். மதகு திறந்தது, நல்ல காரியம். திறந்தவரைப் பாராட்டணும். ஆனால் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் என்கிற தூர்வாரும் வேலைக்கு ஊரில் ஆள் பழக்கப்படவில்லை. அப்டேட் போடுவது, பேக்கப் எடுப்பது, லாக் படிப்பது, பாஸ்வேர்டை முறையாக அடுத்தவரிடம் ஒப்படைப்பது, இதெல்லாம் செய்தித்தாளில் வராத வேலைகள். அதிகாரி மாறினதும் தண்ணீர் நின்றது. தண்ணீர் இருந்தும் சில இடங்களில் வயலுக்கு ஏறவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில், எந்த அரசாணையும் இல்லாமல், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டே கேடிஇ மேசைத்தளத்தைத் தமிழாக்கினார்கள். அப்போது யூனிகோட் பரவவில்லை, திஸ்கி குறியேற்றம்தான். நார்வேயில் உருவான க்யூட் நிரல் தொகுப்புக்குள்ளேயே திஸ்கிக்கு ஆதரவு சேர்ந்தது. கடைமடையிலிருந்து தலைமடைக்கு ஏறிய தண்ணீர் அது. பிறகு யூனிகோட் நிலைத்தது, தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்று ஆணையிட்டது. 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பைத்தான் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் நடக்கின்றன. இவற்றில் எதுவும் ஒரு அதிகாரியின் இடமாற்றத்தால் நிற்கவில்லை. ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

தஞ்சாவூரைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கணினித் துறை இருக்கிறது. ஒரு கல்லூரி, பக்கத்தில் உள்ள ஒரு அரசுப் பள்ளி ஆய்வகத்தை எடுத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் நாலு மாணவர்களை அனுப்பினால் போதும். கணினிகளைத் திறந்து, தூசி தட்டி, புதுப் பதிப்பு போட்டு, என்ன செய்தோம் என்பதை ஒரு நோட்டில் தமிழில் எழுதி, பாஸ்வேர்டை ஒரு உறையில் வைத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு வரலாம். இந்தக் கட்டுரையைப் படிக்கிற டெல்டாக்காரர்கள் யாராவது அப்படிச் செய்திருந்தால் எழுதுங்கள். அந்த நோட்டில் என்ன எழுதினீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.