பொறித்த கைகள்

கீழ்வேளூரில் வாழும் நாம் ‘பொன்னியின் செல்வன்’ படிக்குங்கால், நாகைச் சூடாமணி விகாரத்துப் பக்கங்களில் சற்றே நின்றுவிடுகிறோம். அருள்மொழி நோயுற்றுத் தங்கியதாகக் கதை கூறும் அந்தப் பௌத்தப் பள்ளி நம் பக்கத்து ஊரிலன்றோ இருந்தது! 1950 முதல் 1954 வரை கல்கி எழுதினார், மணியம் வரைந்தார். மன்னர் முகமும் மங்கையர் கொண்டையும் இன்றும் நம் மனத்தில் மணியத்தின் கோடுகளாகவே நிற்கின்றன.

ஆனால், கோடு தானாகத் தாளில் ஏறிவிடவில்லை. அக்காலத்து அச்சுமுறையில் கோட்டோவியத்தைப் படம்பிடித்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடு மட்டும் மேடாக நிற்கும்படி அமிலத்தால் அரித்து ‘பிளாக்’ செய்தனர். அமில ஆவியை மூச்சாக்கி உழைத்த அத்தொழிலாளியின் பெயர் யாது? அறிந்தவர் எவர்?

அதே விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்தான். அதுவும் நம் கீழ்வேளூர் வட்டாரத்து ஊரே. அக்கொடையை இராசேந்திரன் 21 செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். உளி பிடித்தோர் பெயர்களும் அவற்றில் உண்டு!

முடியாட்சியை நாம் போற்றவில்லை. எனினும், முடியாட்சி மறவாததை மக்களாட்சி மறக்கலாமா? தோழர்களே! நாம் வெளியிடும் நூல்களிலேனும் எழுதியவர், வரைந்தவர் பெயரோடு, அச்சில் உருவாக்கிய உழைப்பாளியின் பெயரும் இடம்பெறட்டும்!