பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் குருதியிழப்பு

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுக்கட்டியை அகற்றும்போது நோயாளி இழக்கும் இரத்தத்தின் அளவும், பிந்தைய சிக்கல்கள், நோய் மீளுதல், வாழ்நாள் ஆகியவற்றோடு அவ்விழப்புக்குள்ள தொடர்பும் இத்தலைப்பில் அடங்கும். உறிஞ்சு குப்பியில் சேர்ந்த நீர்மத்திலிருந்து வயிற்றைக் கழுவ ஊற்றிய உப்புநீரைக் கழித்தும், நனைந்த துணிகளை நிறுத்து, கூடிய எடையில் ஒவ்வொரு கிராமையும் ஒரு மில்லிலிட்டராகக் கொண்டும் அளவு கணிக்கப்படுகிறது. போர்வையில் ஊறியதும் தரையில் சிந்தியதும் இக்கணக்கில் சேர்வதில்லை. அறுவைக் குறிப்பில் காணப்படும் எண் பல வேளைகளில் கண்மதிப்பே.

பெருங்குடலின் மேற்பகுதிகளில் தமனிகளை அடியிலேயே கட்டிவிடலாம் என்பதால் இழப்பு பொதுவாகக் குறைவு. இடுப்புக்குழியின் ஆழத்திலுள்ள மலக்குடலே இடர் மிகுந்தது. லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ், கீழ்வழியாக (மலவாய்ப் பக்கமாக) மட்டும் செய்த 57 அறுவைகளில் 54 பேருக்கு நோய் மீண்டதைக் கண்டு, வயிற்று வழியையும் கீழ்வழியையும் இணைத்த விரிவான அறுவையை 1908இல் வெளியிட்டார். மலக்குடலைத் திருவெலும்பிலிருந்து கையால் நெம்பிப் பிரிக்கும் வழக்கம் அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது. அவ்வெலும்பின் முன்முகத்தில் படர்ந்துள்ள சிரைகள் மெல்லிய சுவருடையவை. சில எலும்பின் உள்ளிருந்தே வெளிப்படுவதால், கிழிந்தால் முனை துளைக்குள் சுருங்கிக்கொள்ள, தையலும் மின்சூடும் பயனற்றுப் போகின்றன. அந்நிலையில் துணியை இறுக அடைத்துவிட்டு, ஓரிரு நாள் கழித்து வயிற்றை மீண்டும் திறந்து எடுப்பதுண்டு. எலும்பிலேயே உலோகக் குத்தூசியை அழுத்திப் பதிக்கும் முறை 1980களில் வந்தது. பேசிங்ஸ்டோக்கின் பில் ஹீல்டு 1982இல் விளக்கிய முறையில், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறை கிழியாமல், அதற்கு வெளியே குருதிக்குழாய்கள் அருகிய இடைவெளியில், கண்ணால் பார்த்தபடியே கத்தரித்துச் செல்கின்றனர். நோய் அதே இடத்தில் மீள்வதும் குருதியிழப்பும் ஒருங்கே குறைந்தன என்பதால், இழப்பின் அளவைப் பெரும்பாலும் அறுவைத் திறனின் அளவாகவே கொள்வது பொருந்தும்.

இழப்பை ஈடுசெய்ய ஏற்றும் இரத்தம் பற்றியும் கேள்வி எழுந்தது. பிறர் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் மாற்றுச் சிறுநீரகம் நீடித்து நிலைத்ததை 1973இல் ஓப்பெல்ஸ் குழுவினர் காட்டியபின், அதற்குக் காரணமாகக் கருதப்பட்ட நோயெதிர்ப்புத் தளர்ச்சி புற்றுக்கும் இடங்கொடுக்குமோ என்ற ஐயம் எழுந்தது. 1993இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நோயாளியின் சொந்த இரத்தத்தை முன்கூட்டியே சேமித்து ஏற்றியும் நோய் மீள்வது குறையவில்லை. எவ்விரத்தமாயினும் ஏற்ற வேண்டியிருந்தவர்களின் நிலையே மோசமாக இருந்தது. ஆகவே குற்றம் ஏற்றிய இரத்தத்தைச் சார்ந்ததன்று, அதை வேண்டச்செய்த சூழலைச் சார்ந்ததாகலாம் என அவ்வாய்வாளர்கள் கருதினர்.

மலக்குடல் புற்றில் நுண்துளை அறுவையைத் திறந்த அறுவையோடு ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆய்வில் இடைநிலை இழப்பு முறையே 200, 400 மில்லிலிட்டர். ஆயினும் நுண்துளை முறைக்கு நேரம் கூடுதலாயிற்று. இக்காலத்தில் முன்கூட்டியே இரத்தசோகையைக் கண்டறிதல், இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் தருதல், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராம் அளவுக்கு இறங்கும்வரை பொதுவாக இரத்தம் ஏற்றாதிருத்தல் ஆகியவையும் கையாளப்படுகின்றன.