சுருக்குப் பெயர்கள் வீடு மாறிய கதை

பொட்டி தட்டும் வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு ஏலியாஸ் தெரிந்திருக்கும். நீளமான கட்டளைக்கு நாமே வைத்துக்கொள்ளும் சுருக்குப் பெயர் அது. தட்டியதை வாங்கி யூனிக்ஸிடம் சொல்லும் நிரல்தான் ஷெல். ஷெல்லை மாற்றினால் பல வருடமாகச் சேர்த்த சுருக்குப் பெயர்களையும் மூட்டை கட்டவேண்டும். அங்கேதான் வினை!

1979ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு, பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. நிரல் எழுத வாகானது, ஆனால் அதில் ஏலியாஸ் கிடையாது. ஏறக்குறைய அதே சமயம் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல், உட்கார்ந்து தட்டுகிற ஆளை மனதில் வைத்துச் செய்தது. ஏலியாஸ் அதில் இருந்தது.

1983ல் டேவிட் கார்ன் அறிமுகப்படுத்திய கார்ன் ஷெல் இரு வீட்டுக்கும் சம்பந்தம் பேசிவைத்தது. இலக்கணம் போர்னுடையது, வசதிகள் ஜாயுடையவை. பிரையன் ஃபாக்ஸின் பாஷும் (1989), பால் ஃபால்ஸ்டாடின் இசட் ஷெல்லும் (1990) அதே வழியில் வந்தவை. ஏலியாஸ் இவற்றிலும் உண்டு. ஆனால் பெயருக்கும் கட்டளைக்கும் நடுவே சி ஷெல்லில் வெறும் இடைவெளி, இங்கே சமக்குறி.

அதுமட்டும் என்றால் ஐந்து நிமிட வேலை. சிக்கல் வேறு. புதிய அடைவை உருவாக்கி உடனே அதற்குள் போக ஒரு சுருக்குப் பெயர் வேண்டும் என்று வையுங்கள். அடைவின் பெயர் இரண்டு இடத்தில் வரவேண்டும். சி ஷெல் ஏலியாஸில் ‘\!*’ என்று போட்டால், நாம் தட்டும் பெயர் அந்தந்த இடத்தில் போய் உட்காரும். பாஷ் ஏலியாஸோ தட்டியதைக் கடைசியில் ஒட்டிவிடுவதோடு சரி. அதனால் அதை ஃபங்ஷனாகத் திருப்பி எழுதி, ‘$1’ என்று இரண்டு இடத்திலும் போடவேண்டும்.

மேக் கணினிக்காரர்கள் இதை இருமுறை பார்த்தார்கள். 2001ல் வந்த ஓஎஸ் எக்ஸில் சி ஷெல்லின் வாரிசான டிசி ஷெல்தான் இயல்பாக இருந்தது. 2003ல் பாந்தர் பதிப்பு பாஷுக்கு மாறியது. 2019ல் கேட்டலினா இசட் ஷெல்லுக்கு மாறியது. முதல் மாற்றம் குடும்பம் விட்டுக் குடும்பம், அதனால் திருத்தி எழுதவேண்டியிருந்தது. இரண்டாவது பங்காளி வீடு, பெரும்பாலான வரிகளை அப்படியே நகலெடுத்தால் போதும்.

மாறுமுன் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வெறும் சுருக்கங்களுக்குச் சமக்குறி போதும். தட்டும் பெயரை நடுவில் வாங்குபவற்றை ஃபங்ஷனாக்குங்கள். பழகிய கைக்கு மாற்றமே தெரியாது :-)