சாவி கொடுத்த கேமராவும் பரணில் தூங்கும் சுருள்களும்

பழைய செய்திப்படங்களில் காந்தி நடக்கிறாரா, ஓடுகிறாரா என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். 1946 ஜனவரியில் தி.நகர் இந்தி பிரசார சபாவுக்கு அவர் வந்தபோது நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேகமாக நடப்பவர்தான், ஆனால் இவ்வளவு வேகம் இல்லை. கோளாறு அவர் காலில் இல்லை, கேமராவில்.

பேசாப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 படங்கள் பதிவாகும். பேசும்படம் வந்ததும் திரையிடும் வேகம் 24 ஆனது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறார்கள். இதையே திருப்பிப் போட்டால் ஸ்லோ மோஷன். வேகமாக எடுத்து, மெதுவாக ஓட்டுவது.

கை ஓய்ந்தால் வேகம் குறையும். அதற்கு விடையாக வந்ததுதான் ஸ்பிரிங் கேமரா. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முறுக்கி வைத்தால், உள்ளே இருக்கும் கவர்னர் வேகத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். 1925-ல் வந்த 35 மி.மீ. ஐமோ உலகெங்கும் செய்திப்படக்காரர்களின் கைக்கருவியானது. 1935-ல் சுவிட்சர்லாந்திலிருந்து 16 மி.மீ. போலெக்ஸ் வந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு வட்டு இருக்கும். 8 முதல் 64 வரை வேகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

அந்த 64 சும்மா கிடைப்பதல்ல. முழுச் சாவிக்கு 24 வேகத்தில் சுமார் 28 வினாடி ஓடும் கேமரா, 64-ல் பத்து வினாடி சொச்சத்தில் நின்றுவிடும். நூறு அடிச் சுருள் ஒரே நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்ச நேரம் குறைவதால் லென்ஸை இன்னும் திறக்க வேண்டும். மாலை வெயிலில் முடியாது. ஆகவே ஒருவர் ஸ்லோ மோஷனில் எடுத்தார் என்றால், அந்தப் பத்து வினாடி அவருக்கு அவ்வளவு முக்கியம் என்று பொருள். இன்று கைப்பேசியில் விரலால் தொட்டு எடுப்பதோடு அதை ஒப்பிட முடியாது.

எடுப்பது ஒரு பாடு. காப்பது அதைவிடப் பெரிய பாடு. நம் சென்னையின் கதையே இதற்குச் சாட்சி. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் சென்ற கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. பல நாடுகளில் அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடி 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். சேர்த்ததைத் தொடர்ந்து ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதிலிருந்து 12,000 அடி தேர்ந்தெடுத்த படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று புரசைவாக்கம் ராக்ஸியில் வெளியானது. ஆட்சி வெள்ளையருடையது, போரும் நடந்துகொண்டிருந்தது.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த படம் பின்னர் காணாமலே போயிற்று. 1953-ல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டெடுத்தார். முழுத் தமிழ்ப் படம் இன்னும் கிடைத்தபாடில்லை. காந்தியின் படத்துக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுச் சுருள்கள் எம்மாத்திரம்?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் பழைய வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் ஆகின்றன. பரணைக் காலி செய்யும்போது தகர டப்பாவில் 8 மி.மீ. அல்லது 16 மி.மீ. சுருள் ஏதேனும் கிடைத்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கவனிக்க வேண்டியவை சில:

மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் அதை விரைவுபடுத்தும். மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

பழைய புரொஜெக்டரில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். சுருங்கிய படச்சுருளின் துளைகள் கிழிந்துவிடும்.

டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது, ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வேகத்தைப் பிறகு அமைத்துக்கொள்ளலாம். பழைய 8 மி.மீ. வீட்டுப் படங்கள் பெரும்பாலும் 16 வேகத்தில் எடுத்தவை. 24-ல் மாற்றினால் தாத்தா கல்யாணப் பந்தலில் ஓடுவார்.

நடுவில் ஒரு காட்சி மட்டும் மெதுவாக நகர்ந்தால் அதைப் பழுது என்று எண்ணிச் 'சரி' செய்யவிடாதீர்கள். எலியட்ஸ் கடற்கரை அலையில் குதிக்கும் குழந்தையாக இருக்கலாம், அரங்கேற்றத்தில் ஓர் அடவாக இருக்கலாம். வட்டை 64-க்குத் திருப்பி, சாவியை முழுதும் முறுக்கி, யாரோ ஒருவர் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்த நேரம் அது. அந்த வேகத்திலேயே இருக்கட்டும்.